மனநோய்க் கல்வியில் திரைப்படம்

மனநோயின் அறிகுறிகளையும் சிகிச்சையையும் நோயாளியின் அனுபவத்தையும் திரைக்காட்சிகளின் துணையோடு கற்பிக்கும் முறை. மனநல மருத்துவம், செவிலியம், உளவியல், சமூகப்பணி வகுப்புகளில் கையாளப்படுகிறது. நோயாளியின் அந்தரங்கத்தை வகுப்பு நடுவே விரித்துவைக்க முடியாது. கதைமாந்தரை எத்தனை முறையும் நிறுத்தி விவாதிக்கலாம். தோற்றம், பேச்சு, எண்ண ஓட்டம், புலனுணர்வு என மனநிலைப் பரிசோதனையின் படிகளை மாணவர் இவ்வாறு பழகுகின்றனர். டேனி வெட்டிங், மேரி ஆன் பாய்ட் எழுதி 1999இல் வெளியான ‘மூவிஸ் அண்ட் மென்டல் இல்னஸ்’ இத்துறையில் நன்கறியப்பட்ட பாடநூல்.

அதிகம் எடுத்தாளப்படுவது ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001). மனச்சிதைவுக்கு ஆளான கணிதவியலர் ஜான் நாஷ் 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இல்லாத அறைத்தோழனை அவர் கண்ணெதிரே காண்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவரை வாட்டியவை குரல்களே. மனச்சிதைவில் மிகுதியாகக் காணப்படுவதும் செவிவழிப் பிரமைதான். 1970க்குப் பின் நாஷ் மருந்து உட்கொள்ளவில்லை. படத்திலோ புதிய மருந்துகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இந்த முரண்களை மறைக்காமல் விவாதத்துக்கு வைக்கும் ஆசிரியரிடம்தான் படம் பாடமாகிறது. தான் நம்பிய உலகம் பொய்யென்று அறியும் கணத்தின் தவிப்பை இப்படம் அளவுக்குப் பாடநூல் எதுவும் உணர்த்துவதில்லை.

‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ (1975) ஓரிகன் மாநில மனநல மருத்துவமனையிலேயே படமாக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளர் டீன் புரூக்ஸ் மருத்துவராக நடித்தார். மயக்க மருந்தின்றித் தண்டனையாகத் தரப்படும் மின்னதிர்ச்சி, அக்கால மனநல விடுதிகளின் அதிகாரத்தைப் பேச உதவும். ஆனால் அந்தக் காட்சியோடு வகுப்பை முடித்தால் கேடு. கடும் மனச்சோர்வில் உயிர்காக்கும் சிகிச்சை அது. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி அதை அளிப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ‘ஷாக்’ என்றதும் அஞ்சி மறுக்கும் குடும்பத்தாரிடம் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

தமிழில் ‘அந்நியன்’ (2005) பன்முக ஆளுமையைப் பழிவாங்கும் வலிமையாக்கியது. மனநோயாளி என்றாலே ஆபத்தானவர் என்ற எண்ணத்தை உடைக்க, இத்தகைய படங்களையே எதிர்ச்சான்றாக வைத்துப் பேசலாம். இருதுருவக் கோளாறைக் கூறும் ‘3’ (2012) படத்தில், கணவன் தன் நோயை மனைவியிடம் மறைக்கும் பகுதி நம் வீடுகளுக்கு நெருக்கமானது. மறைப்பதற்குக் காரணமான பழிச்சொல்லை அதன்வழி பேசலாம். அவனது தற்கொலையைக் காட்டும் பகுதியை மட்டும் முன்னறிவிப்பின்றித் திரையிடக் கூடாது. பார்ப்போரில் அதே எண்ணத்தோடு போராடுபவர் இருக்கலாம். திரையிடலுக்குப் பின் அவர் தனியே வந்து பேச ஆசிரியர் நேரம் ஒதுக்க வேண்டும்.