சாட்சிக்குக் கிடைக்காத மருந்து

1994 ஏப்ரலில் ருவாண்டாவில் தொடங்கிய இனப்படுகொலை நூறு நாட்களில் முடிந்ததாக வரலாறு எழுதப்படுகிறது. வல்லுறவுக்கு ஆளாகி உயிர் தப்பிய துட்சிப் பெண்களுக்கு அது அப்போது முடியவில்லை.

1996இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரெனே டெக்னி-செகி, இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வல்லுறவுகள் நடந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார். பெண்களின் புகார்களை எண்ணிப் பெற்ற எண் அல்ல இது. நூறு வல்லுறவுக்கு ஒரு கர்ப்பம் என்று வைத்துக்கொண்டு, தெரியவந்த கர்ப்பங்களிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. பெண்கள் வாய்திறக்க முடியாத இடத்தில் அவர்களுடைய கருப்பையே ஆவணமானது. கருக்கலைப்பு அந்நாட்டில் குற்றமாக இருந்தது.

கிகாலியில் எச்.ஐ.வி. போருக்கு முன்பே பரவியிருந்தது. நோய்த்தொற்று உள்ளவர்கள் தெரிந்தே வல்லுறவு செய்ததாகப் பல பெண்கள் சாட்சியம் அளித்தனர். விதவைகளின் அமைப்பான அவேகா பின்னர் நடத்திய ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தொற்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் அது எப்போது வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுபோலவே தேவைப்பட்டது.

அருஷாவில் அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில், டாபா பகுதியின் மேயராக இருந்த அகயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் வல்லுறவு இடம்பெறவேயில்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் சொன்ன பிறகே, 1997 ஜூனில் அது சேர்க்கப்பட்டது. அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதி, டர்பனில் தமிழ் வம்சாவளியில் பிறந்த நவநீதம் பிள்ளை. 1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்று முதன்முறையாகச் சொன்னது.

அதே தீர்ப்பாயத்தின் காவலில் இருந்த எச்.ஐ.வி. கைதிகளுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை கிடைத்தது. கைதியின் உடல்நலம் காவலில் வைத்திருப்பவரின் பொறுப்பு, அதில் தவறில்லை. அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண்கள் மருந்தில்லாத ஊர்களுக்குத் திரும்பினார்கள். சாட்சியம் முடிந்ததும் அவர்களுடைய உடல் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அந்த மருந்து அப்போது ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளில் பேச்சே மாறியது. ருவாண்டாவில் சிகிச்சை பரவலாகும் முன்பே பல பெண்கள் இறந்துவிட்டார்கள்.

போர்க்குற்ற விசாரணையின் செலவுக் கணக்கில் சாட்சியின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடமிருக்கிறது. அவள் உயிரோடிருக்கத் தேவையான மருந்தும் அதே கணக்கில்தான் வர வேண்டும்.