நின்டெண்டோ வீ கருவியில் ஹோம்ப்ரூ மென்பொருள்

நின்டெண்டோ வீ 2006 நவம்பரில் அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு வந்த வீட்டு வீடியோ கேம் கருவி. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இக்கருவியில், தயாரித்த நிறுவனத்தின் அனுமதியும் மின்னணுக் கையொப்பமும் இல்லாமல் ஆர்வலர்கள் எழுதிய நிரல்களை ஓட்டுவதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர். இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி பூட்டை உடைத்த கதைதான்: எந்தப் பிழை எப்போது அகப்பட்டது, எந்தப் புதுப்பிப்பில் நின்டெண்டோ அதை அடைத்தது என்ற விவரங்கள். அந்தக் கதை சுவையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. தொடக்க கால உடைப்புகள் ஓராண்டு, ஈராண்டுக்குள் காலாவதியாயின. அவற்றின் மேல் எழுதப்பட்ட திறமூலத் தொகுப்பியும் நிரல் நூலகமும் பயன்பாடுகளும் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் புழக்கத்தில் இருக்கின்றன. ஹோம்ப்ரூவின் ஆயுளைத் தீர்மானித்தது இந்த இரண்டாவது அடுக்கே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வீயின் பாதுகாப்பு ஏன் சரிந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விளையாட்டுகளை ஓட்டுவது 729 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள, ஐபிஎம் தயாரித்த பிராட்வே செயலி. அதன் பக்கத்தில், ஹாலிவுட் எனப்படும் வரைகலைச் சில்லுக்குள்ளேயே ஒரு சிறிய ஏஆர்எம் செயலி மறைந்திருக்கிறது. ஆர்வலர்கள் அதை ஸ்டார்லெட் என்பார்கள். சாவிகளைக் காப்பதும், கையொப்பங்களைச் சரிபார்ப்பதும், வட்டையும் நினைவகத்தையும் ஆள்வதும் அதன் பொறுப்பு. முந்தைய கருவியான கேம்கியூபின் விளையாட்டுகளை ஓட்டும்போது வீ தன் கூடுதல் நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவிடும். மீதியில் கிடந்த தரவுகளை அது அழித்துவைக்கவில்லை. தாய்ப்பலகையின் முகவரித் தடங்களைச் சாமணத்தால் இணைத்து அந்த மீதியைப் படித்தபோது இரகசியச் சாவிகள் வெளிவந்தன. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் வீயில் சொந்த நிரல் ஓடுவது மேடையில் காட்டப்பட்டது. சாவிகளைக் கொண்டு உள்மென்பொருளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் பெரிய ஓட்டை கிடைத்தது. கையொப்பத்தின் எண்களை ஒப்பிட வேண்டிய இடத்தில், எழுத்துச் சரங்களை ஒப்பிடும் சி மொழிச் செயற்கூறு பயன்பட்டிருந்தது. அந்தச் செயற்கூறு சுழியத்தைக் கண்டால் சரம் முடிந்துவிட்டதாகக் கொண்டு நின்றுவிடும். ஆகவே முதல் பைட்டு சுழியமாக வரும்வரை கோப்பைச் சற்றே மாற்றிக்கொண்டிருந்தால் போதும், சராசரியாக 256 முயற்சிகளில் போலிக் கையொப்பம் தேறிவிடும். கணிதம் வலுவாக இருந்தும் ஒரே ஒரு தவறான செயற்கூற்று அழைப்பால் முழு அரணும் வீணானதற்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தக உதாரணம் அரிது.

இந்தப் பிழையை நின்டெண்டோ 2008 முதல் படிப்படியாகத் திருத்தியது. வேறு வழிகள் முளைத்தன. 2008 பிப்ரவரியில் வந்த ட்விலைட் ஹேக், செல்டா வரிசையின் ட்விலைட் பிரின்சஸ் விளையாட்டில் குதிரையின் பெயரை அளவுக்கு மீறி நீளமாக்கிச் சேமித்த கோப்பால் நினைவகத்தை வழியவைத்தது. 2009 மார்ச்சில் வெளியான 4.0 பதிப்பு அதை அடைத்தது. அடுத்து வந்த பேனர்பாம், எஸ்டி கார்டில் வைத்த குறைபட்ட பேனர் கோப்பு ஒன்றால் மெனுவைத் தடுமாறச் செய்தது. 2010 ஜூனில் வந்த 4.3 பதிப்போடு அதுவும் முடிந்தது. அதன் பிறகு சில காலம் குறிப்பிட்ட விளையாட்டு வட்டுகள் கையில் இருந்தால்தான் வழி. 2011இல் லெட்டர்பாம் வந்து அந்தத் தேவையை நீக்கியது. இந்த மாற்றங்களுக்கிடையே 2008இல் தொகுக்கப்பட்ட பயன்பாடுகள் 4.3 பதிப்பிலும் பெரும்பாலும் அப்படியே ஓடின. உள்ளே நுழையும் வழி மாறினாலும், நுழைந்தபின் நிரல்கள் எதிர்பார்த்த சூழல் மாறாததே காரணம். அச்சூழலைத் தந்தது ஹோம்ப்ரூ சேனல்: எஸ்டி கார்டின் ‘ஆப்ஸ்’ கோப்புறையில் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் உட்கோப்புறை, அதில் இயங்கு கோப்பு, சிறுபடம், விவரக் கோப்பு என்று எளிய ஏற்பாடு. எந்த ஓட்டை வழியாக நிறுவினாலும் இதே ஏற்பாடுதான்.

இன்று நிறுவும் முறையும் இதையே காட்டுகிறது. அமைப்புப் பக்கத்தின் மூலையில் பதிப்பு எண் இருக்கும். பெரும்பாலான கருவிகளில் அது 4.3, பக்கத்தில் வட்டாரத்தைக் குறிக்கும் எழுத்து. கருவியின் பிணைய முகவரியையும் வட்டாரத்தையும் கொடுத்தால் லெட்டர்பாம் அந்த ஒரு கருவிக்கென்றே கோப்புகளை உருவாக்கித் தரும். அவற்றை 32 ஜிபிக்கு மேற்படாத எஸ்டி கார்டில் எஃப்ஏடி32 வடிவத்தில் இட்டு, வீயின் செய்திப் பலகையைத் திறந்தால் முந்தைய நாள் தேதியில் குண்டுப் படத்தோடு சிவப்புக் கடிதம் ஒன்று தெரியும். அதைத் திறப்பதே பிழையைத் தூண்டும் செயல். ஹேக்மீ நிறுவி திரையில் தோன்றி, இந்த மென்பொருளுக்குக் காசு கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்ற பொருளில் எச்சரித்துவிட்டு, ஹோம்ப்ரூ சேனலையும் பூட்மீ என்ற கருவியையும் நிறுவ முன்வரும். பலர் சேனலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பூட்மீயைத் தவிர்ப்பது தவறு. 512 எம்பி உள் நினைவகத்தை முழுமையாகப் படியெடுத்து, அந்தக் கருவிக்கே உரிய சாவிகளோடு எஸ்டி கார்டில் எழுதிவைப்பது அதுதான். பின்னால் ஏதேனும் தவறினால் மீள இந்தப் படியை விட்டால் எளிய வழியில்லை. படியெடுக்கும்போது சில தொகுதிகள் பழுது என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெரும்பாலான நினைவகங்களில் சில பழுதுகள் இருக்கும். பழைய கருவிகளில் பூட்மீயைத் தொடக்க அடுக்கிலேயே பதிக்க முடியும்; கருவி மெனுவுக்கு வரும் முன்பே அது எழுந்துவிடும். முன்சொன்ன சரம் ஒப்பிடும் பிழை, மாற்ற முடியாதபடி பூட்டப்பட்ட முதல் தொடக்கநிலை நிரலிலும் இருந்ததே அதற்குக் காரணம். பின்னாளில் தயாரான கருவிகளில் பிழை திருத்தப்பட்டதால் அந்த வசதி இல்லை.

கருவி கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் பழியை எங்கே வைப்பது என்பதில் நிதானம் தேவை. 2009 செப்டம்பரில் நின்டெண்டோவே வெளியிட்ட 4.2 புதுப்பிப்பு, ஹோம்ப்ரூவைத் தடுக்கும் முயற்சியில் தொடக்க அடுக்கைத் திருப்பி எழுதியது. எந்த மாற்றமும் செய்யாத பயனர்களின் கருவிகள் சிலவும் அதில் செயலிழந்தன. ஆபத்து எங்கும் உண்டு. படியெடுத்து வைத்தவருக்கு அது குறைவு.

இன்னும் கடுமையான மறுப்பு, இது திருட்டு விளையாட்டுகளுக்கு வழி என்பது. வழியாக ஆனது உண்மை, மறுத்துப் பயனில்லை. உள்மென்பொருளை மாற்றி நகல் வட்டுகளை ஓட்டும் கருவிகள் வந்தன, பரவலாகப் பயன்பட்டன. இருந்தாலும் சேனலை எழுதிய குழு அவற்றைத் தன் வெளியீடுகளில் சேர்க்கவில்லை. மக்கள் நாடிய திறமூலப் பயன்பாடுகளின் பட்டியலைப் பார்த்தாலும் வேறு படம் கிடைக்கிறது: பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம், எம்பிளேயரை அடிப்படையாகக் கொண்ட காணொளி இயக்கிகள், லினக்ஸ், முன்னோடிக் கருவிகளின் போலியமைப்பிகள். 2013இல் வீயின் இணையச் சேவைகள் சில நின்றன. 2014 மே மாதத்தில் இணைய விளையாட்டுச் சேவை மூடியது. 2019 ஜனவரியில் வீயின் இணையக் கடையே மூடியது. அவற்றுக்கு மாற்றாக ஆர்வலர்கள் நடத்தும் சேவைகளில்தான் அந்த வசதிகள் இப்போது வாழ்கின்றன. சட்டம் இங்கே ஒரே குரலில் பேசுவதில்லை. விளையாட்டுக் கருவிகளைத் திறக்க விலக்கு கேட்ட மனுவை அமெரிக்க காங்கிரஸ் நூலகர் 2012இல் ஏற்கவில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடையை உடைப்பதையே குற்றமாக்குகிறது. நோக்கத்தை அளவுகோலாக வைத்த இந்தியப் பிரிவு, ஹோம்ப்ரூவையும் திருட்டையும் பிரித்தறிய இடம் தருகிறது என்ற வகையில் அறிவுள்ள வரையறை.

இக்கட்டுரையின் நிலைப்பாட்டுக்கு எதிராகவே ஒரு கேள்வி எழும். ஹோம்ப்ரூ சேனல் தொடக்கத்தில் திறமூலமாக இல்லை. அதன் மூல நிரல் வெளியானது 2016இல்தான். அப்படியிருக்க, நிலைத்தது திறந்த அடுக்கு என்று சொல்வது எப்படி? சேனல் ஓர் ஏற்றி மட்டும். அதனுள் ஓடியவையெல்லாம் டெவ்கிட்பிபிசி என்ற தொகுப்பித் தொகுதியாலும் லிப்ஓஜிசி என்ற நூலகத்தாலும் உருவானவை. இந்த நூலகத்தின் வேர் வீக்கும் முந்தியது. பேண்டசி ஸ்டார் ஆன்லைன் விளையாட்டின் ஓட்டை வழியாக கேம்கியூபில் ஹோம்ப்ரூ தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. கேம்கியூபுக்காக எழுதியதை வீக்கு நீட்டிக்க முடிந்ததே மூல நிரல் கையில் இருந்ததால்தான். சேனலை எழுதியவர்கள் ஒதுங்கியிருந்தால் வேறொருவர் இன்னொரு ஏற்றியை எழுதியிருப்பார். நூலகம் இல்லாமல் போயிருந்தால் ஏற்றுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அந்த நூலகத்தின் பிறப்பே கேள்விக்கு உள்ளாயிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. 2025 ஏப்ரலில் ஹோம்ப்ரூ சேனலின் உருவாக்குநர்கள் தங்கள் மூல நிரல் களஞ்சியத்தை மூடிவைத்து, காரணத்தையும் எழுதினார்கள். லிப்ஓஜிசியின் கணிசமான பகுதி நின்டெண்டோவின் உருவாக்கத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் இழைக் கையாளும் பகுதி ஆர்டெம்ஸ் என்ற திறமூல இயங்குதளத்திலிருந்து உரிமைக் குறிப்பு நீக்கப்பட்டு நகலெடுக்கப்பட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பிறர் வன்பொருளோடு இயைவதற்காக நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் சேகா எதிர் அக்கோலேட் வழக்கில் சொல்லியிருக்கிறது. படித்தபின் சொந்தமாக எழுத வேண்டும்; பிரித்ததையே ஒட்டிவைக்க அத்தீர்ப்பு இடம் தரவில்லை. ஆகவே முதல் குற்றச்சாட்டு உண்மையானால் அந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவதுக்கு மருந்து எளிது: ஆர்டெம்ஸ் ஏற்கெனவே திறமூல உரிமத்தில் உள்ளது, நீக்கிய பெயர்களைத் திரும்பச் சேர்த்து உரிமத்தின் நிபந்தனைகளை மதிக்க வேண்டும். அதைச் செய்யாமல் திறமூலம் என்ற பெயரைத் தாங்குவது கூச்சத்துக்குரியது. ஆனால் இந்தச் சர்ச்சை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். நூலகத்தின் மூலம் எல்லார் கண்ணிலும் பட்டதால்தான் ஆர்டெம்ஸோடு வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் குற்றமும் தெரியாது, திருத்தவும் முடியாது.

கடைசியாக, போலியமைப்பிகள் வந்தபின் பழைய கருவியில் இவ்வளவு பாடு எதற்கு என்பார்கள். டால்ஃபின் என்ற போலியமைப்பி 2008இல் திறமூலமானது. இன்றைய கணினிகளில் வீ விளையாட்டுகளை மூலத்தைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. பூட்மீ எடுத்த நினைவகப் படியைக்கூட அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் டால்ஃபின் சரியாக நடக்கிறதா என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? மிதவைப் புள்ளிக் கணக்கில் பிராட்வே எந்த விடை தருகிறது, வரைகலைச் சில்லு எண்களை எப்படி முழுதாக்குகிறது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த ஆவணம் போதாது. அதனால் டால்ஃபின் உருவாக்குநர்கள் சிறு சோதனை நிரல்களை எழுதி, அதே டெவ்கிட்பிபிசியால் தொகுத்து, உண்மையான வீயில் ஹோம்ப்ரூவாக ஓட்டி, வரும் விடைகளோடு தங்கள் போலியமைப்பியைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.