தன்னை மறக்கும் சில்லு

1984-ஆம் ஆண்டு ராஸ் ஃப்ரீமன் இரு நண்பர்களுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஸைலிங்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர் முன்வைத்த எண்ணம் பலருக்கும் ஊதாரித்தனமாகவே பட்டது. ஒரு சில்லில் அடங்கும் ட்ரான்ஸிஸ்டர்களைக் கருமி காசை எண்ணுவதுபோல் எண்ணிச் செலவிட்ட காலம் அது. ஃப்ரீமனோ, அவற்றில் பெரும்பங்கை வேலை செய்வதற்கன்றி, 'என்ன வேலை செய்ய வேண்டும்' என்பதை நினைவில் வைத்திருப்பதற்கே ஒதுக்கலாம் என்றார். ட்ரான்ஸிஸ்டரின் விலை ஆண்டுதோறும் சரியும், ஆகவே இன்றைய வீண்செலவு நாளை வீணாக இராது என்பது அவர் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அதன் முழுப் பலனையும் காண அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை. 1989-இல் நாற்பதுகளிலேயே மறைந்தார்.

1985-இல் வெளிவந்த எக்ஸ்சி2064 அந்தக் கணக்கின் முதல் விளைச்சல். எட்டுக்கு எட்டாக 64 தருக்கக் கட்டங்கள். அவற்றையும் இணைப்புகளையும் வரையறுக்கச் சுமார் 12,000 பிட்டுகள். அந்தப் பிட்டுகளை மாற்றினால் சில்லே வேறொரு சில்லாகிவிடும். ஆனால் ஒரு குறை உண்டு. பிட்டுகள் குடியிருப்பது எஸ்ராம் நினைவகத்தில். மின்சாரம் நின்றால் சில்லு தான் யார் என்பதையே மறந்துபோகும். ஆகவே அதன் அருகில், மறக்காத இன்னொரு சில்லு காவலிருக்க வேண்டியதாயிற்று.

மறவாமையின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1967-இல் பெல் ஆய்வகத்தின் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் 'மிதக்கும் வாயில்' என்ற கருத்தை வெளியிட்டனர். நாற்புறமும் மின்காப்புச் சூழ்ந்த சிறு தீவொன்றில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்தால், மின்சாரம் போன பின்னும் அவை வெளியேறா. இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன், பழுதான சில்லுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இணைப்பற்ற வாயில்களில் மின்னூட்டம் தேங்கக் கண்டு, அந்தப் பழுதையே பயனாக்கினார். 1971-இல் ஈப்ராம் பிறந்தது. எழுதியதை அழிக்க, சில்லின் முதுகிலிருந்த குவார்ட்ஸ் சன்னல் வழியே புற ஊதாக் கதிரைப் பல நிமிடங்கள் பாய்ச்ச வேண்டும். வெளிச்சம் புகாதிருக்கச் சன்னலுக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். நினைவைக் காக்க ஒரு துண்டுத் தாள்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கண்டவர் தோஷிபாவின் ஃபூஜியோ மாசுவோகா. மின்சாரத்தாலேயே ஒரு பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் நினைவகத்தை அவர் 1984-இல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ மாநாட்டில் அறிவித்தார். அழியும் வேகம் புகைப்படக் கருவியின் மின்னலை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி அதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர் சூட்டினார். அதைப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுசென்றது இன்டெல், 1988-இல். மாசுவோகா 1994-இல் தோஷிபாவை விட்டு விலகினார். தமக்குரிய ஊதியம் கிட்டவில்லை என்று 2004-இல் 100 கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தவருக்கு, 2006-இல் சமரசமாகக் கிடைத்தது 8.7 கோடி யென். உலகமே சட்டைப்பையில் சுமக்கும் பொருளுக்கு இது என்ன விலை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளுக்குத் துணையாக முதலில் வந்தவற்றுள் ஒரே முறை மட்டும் எழுதக்கூடிய தொடர் நினைவகங்களும் இருந்தன. பிழை நேர்ந்தால் சில்லு குப்பைக்கு. ஃப்ளாஷ் வந்த பின் அந்த அச்சம் நீங்கியது. எனினும் அதற்கும் ஒரு குணம் உண்டு: எழுதும்போது ஒன்றைச் சுழியாக்க முடியுமே தவிர, சுழியை மீண்டும் ஒன்றாக்க அந்தத் தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். ஆகையால் அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்பதே வரிசை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விந்தை வேறொன்று. பல பலகைகளில் ஃப்ளாஷின் கால்கள் எஃப்.பி.ஜி.ஏ.வுடன் மட்டுமே இணைந்திருக்கும். வெளியிலிருந்து நேரே தொட வழியில்லை. எனவே பொறியாளர் 1990-இல் தரப்படுத்தப்பட்ட ஜேடேக் வாயில் வழியே, எழுத்தர் வேலை மட்டுமே தெரிந்த ஒரு தற்காலிகச் சுற்றை எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் ஏற்றுகிறார். அது கணினியிலிருந்து வரும் பிட்டுகளை வாங்கி ஃப்ளாஷில் எழுதி முடிக்கிறது. பின் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. எழுத்தர் சுவடின்றி மறைகிறார். மறுபடி மின்சாரம் வரும்போது, தன் கைகளாலேயே எழுதப்பட்டதென்று அறியாமல், சில்லு ஃப்ளாஷிலிருந்து தன்னை முதல் பிட்டிலிருந்து படிக்கத் தொடங்குகிறது.