வேலியும் பூச்செடியும்

திருப்பூர் என்றதும் பின்னலாடைத் தொழிலே நம் நினைவுக்கு வரும். ஆயினும், 2009ஆம் ஆண்டில் உருவான அம்மாவட்டம் தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்து ஆனைமலைக் காடுகள் வரை பரந்து கிடக்கிறது. அக்காடுகளில் மஞ்சளும் செம்மையும் கலந்து பூத்துக் குலுங்கும் உண்ணிச்செடியைக் காண்போர், அதைக் காட்டுக்கே உரிய செடி என்று எண்ணக்கூடும். உண்மையில் அது தோட்டத்திலிருந்து காட்டுக்குள் புகுந்த செடியாகும்.

அதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவுமாகும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அதைப் பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1787இல் கல்கத்தாவுக்கு அருகே தாவரவியல் தோட்டம் ஒன்றை நிறுவினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்ணிச்செடி அங்கு வந்து சேர்ந்தது. அழகுக்காகவும் வேலிக்காகவும் அதைப் பலரும் விரும்பி நட்டனர்.

நட்ட இடத்தில் அது நிற்கவில்லை. அதன் கரும்பழங்களை உண்ட பறவைகள் விதைகளைக் காடெங்கும் பரப்பின. அடர்ந்து படரும் புதரின் கீழ்ப் புல் முளைப்பது அரிது. பசியால் அதன் இலையைத் தின்னும் மாடுகளுக்கு ஈரல் கெடுகிறது. தோல் வெந்து புண்ணாகிறது. இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் இச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதே மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் மற்றொரு வேலியைக் காண்கிறோம். கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி உழவர்கள் முள்ளுக்கிளுவையை நட்டு வளர்க்கின்றனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கேயம் மாடுகளுக்குத் தீனியாகின்றன. கிளுவையின் பூவைக் கண்டு எவரும் மயங்கியதில்லை. ஆயினும், அது புல்லைக் காக்கிறது; உண்ணிச்செடியோ புல்லை ஒழிக்கிறது.

அழிக்கும் முயற்சிகளும் நூறாண்டைக் கடந்துவிட்டன. விதையைத் தாக்கும் ஈயை 1921இலும், சாற்றை உறிஞ்சும் பூச்சியை 1941இலும் வெளிநாட்டிலிருந்து தருவித்தனர், செடி அடங்கவில்லை. மேலே வெட்டினாலும் எரித்தாலும் அடித்தூரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. தூருக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதே பயன் தருகிறது. அதன் பின்னரும் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைந்து, நம் மண்ணின் புற்களை வளர்க்க வேண்டும். தமிழக அரசும் 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதன் தண்டுகளைக் கொண்டு செய்த ஆளுயரத்தையும் மிஞ்சிய யானை உருவங்கள், 2021இல் இலண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அழகை விரும்பி நட்டவர் ஒருவர். மேய்ச்சலை இழந்து தவிப்பவர் வேறொருவர். இதுவே இவ்வரலாற்றின் சாரம். நாற்றுப் பண்ணைகளில் இச்செடியின் வகைகள் இன்றும் விற்பனைக்கு உள்ளன. நம் வீட்டு முற்றத்தில் ஒரு செடியை நடுமுன், அதன் பூவை மட்டும் பாராமல், அதன் விதை எங்கே போய் விழும் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.