சிறு வணிகரின் பேரேடும் விற்பனை வரியும்: 1939 முதல் ஜிஎஸ்டி வரை

இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம். பொருள் விற்பனைமீது வரி விதிக்கும் உரிமையை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கு வழங்கியிருந்தது. 1937இல் பொறுப்பேற்ற ராஜாஜி அமைச்சரவை, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதனால் கலால் வருவாயில் விழுந்த துண்டை வேறு வழியில் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இச்சட்டமும் அதன் வழிவந்தவையும் தனி ஆளாகக் கடை நடத்துபவரின் கணக்கை எப்படி மாற்றின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் வணிகருக்குக் கணக்கு எழுதுவதை எந்த அரசும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து முடிக்கும் முறை நெடுங்காலமாகவே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பர்மா, மலேயா கடைகளிலிருந்து ஐந்தொகைகள் செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு வந்து சேர்ந்தன. ஊர் மளிகைக் கடைக்காரரோ இவ்வளவு தூரம் போகவில்லை. யார் எவ்வளவு கடன் தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் அவருக்குப் போதும். ரொக்கத்துக்கு விற்றதைத் தனித்தனியாக எழுதுவதில் அவருக்குப் பயன் எதுவும் இல்லை; கல்லாவில் விழுந்த பணமே கணக்கு. விற்பனை வரிக்கு வேண்டியிருந்ததோ அவர் எழுதாமல் விட்ட அந்த மொத்த விற்பனைத் தொகைதான்.

இந்த இடைவெளியைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை. 20,000 ரூபாய் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் விற்பனைத் தொகையில் அரை சதவீதம். நடுவிலிருந்த மாதக் கட்டணம், முழுக் கணக்கு எழுத முடியாதவருக்குக் காட்டிய சலுகை. ஆனால் அதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 12,000 ரூபாய்க்கு விற்றவர் ஆண்டுக்குச் செலுத்திய 60 ரூபாய் சரியாக அரை சதவீதம். 10,000 ரூபாய்க்கு விற்றவருக்கு அதே 60 ரூபாய் 0.6 சதவீதம். வரி வளையத்துக்குள் வந்தவர்களில் மிகச் சிறியவரே, விகிதப்படி, பெரிய மண்டிக்காரரைவிட அதிகம் கொடுத்தார். எளிமைக்கு அவர் கொடுத்த விலை இது.

கணக்கு இல்லாவிட்டாலோ, இருந்தும் அதிகாரிக்கு அது திருப்தி தராவிட்டாலோ, விசாரித்துவிட்டுத் தன் அறிவுக்கு எட்டியபடி விற்பனைத் தொகையை அவரே மதிப்பிடலாம் என்ற அதிகாரமும் 1939 சட்டத்தில் இருந்தது. பின்வந்த சட்டங்களும் இதைக் கைவிடவில்லை. என் பார்வையில் வரி விகிதத்தைவிட இந்த அதிகாரம்தான் கடைக்காரரின் பேரேட்டை அடியோடு மாற்றியது. அதுவரை தானும் பங்காளியும் மட்டுமே புரட்டிய நோட்டு, அதிகாரியின் முன் வைக்க வேண்டிய சாட்சியமாயிற்று.

1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியதும் விற்பனை வரியின் தேவை இன்னும் கூடியது. 1959 ஏப்ரல் 1 அன்று புதிய விற்பனை வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருள் கைமாறும்போதெல்லாம் வரி என்ற பழைய முறை மெல்ல ஒதுங்கி, மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனைக்கு மட்டும் வரி என்ற முறை பொருள் பொருளாக விரிந்தது. சில்லறைக் கடைக்காரர் செய்வது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது விற்பனை என்பதால் அவருக்கு இது நிம்மதி போலத் தோன்றும். ஆனால் வரிக்கு உட்படாத விற்பனை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் அவர்மீதே வைத்தது. ஆகவே விற்ற கணக்கைவிட, வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துவது முக்கியமாயிற்று. மேலே இருந்தவர் வரி கட்டினாரா என்ற கவலை கீழே இருப்பவரை வந்தடைந்தது இந்தக் காலத்தில்தான்.

2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. கொள்முதலில் கட்டிய வரியை விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் வசதி அதன் சாரம். ஆண்டு விற்பனை 50 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வணிகர் விரும்பினால் அரை சதவீதம் கட்டிவிட்டு ஒதுங்க முடிந்தது. பழைய மாதக் கட்டணத்தின் வாரிசு இது.

2017 ஜூலை 1 அன்று தொடங்கிய சரக்கு-சேவை வரியில் (ஜிஎஸ்டி) எல்லாமே தனி வணிகரின் பான் எண்ணில் வந்து சேர்கின்றன. ஒருவர் பெயரில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டின் விற்பனையும் ஒன்றாகவே கணக்கில் வரும். பொருள் விற்பவருக்குப் பதிவு வரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் 40 லட்ச ரூபாய். இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. வரி இல்லாத பொருளின் விற்பனையும் இந்த வரம்பில் சேரும். 35 லட்சத்துக்குக் காய்கறியும் 6 லட்சத்துக்குச் சோப்பும் விற்கும் கடைக்காரர் 41 லட்சத்தில் நிற்கிறார். பதிவு செய்தே ஆக வேண்டும். காய்கறி மட்டும் விற்றிருந்தால் தேவையில்லை.

பதிவு செய்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பவர் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து ஒரு சதவீதம் கட்டலாம்; காலாண்டுக்கு ஒருமுறை செலுத்தி, ஆண்டுக்கு ஒரு படிவம் தாக்கல் செய்தால் போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது, கொள்முதலில் கொடுத்த வரியும் திரும்பாது. தன்னிடம் வாங்குபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்களாக இருந்தால் இது ஏற்றது. இன்னொரு கடைக்கோ தொழிற்சாலைக்கோ விற்பவருக்கு ஏற்காது. இவருடைய பில்லை வைத்து அவர்கள் வரியைக் கழிக்க முடியாது. அத்தகையவர் வழக்கமான முறையில் ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போட வேண்டும். பதிவில்லாத வாடிக்கையாளருக்கு 200 ரூபாய்க்குள் விற்றால், அவர் கேட்காத வரை தனி பில் தேவையில்லை. நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் ஒரே பில் போடலாம். கல்லாப் பணமே கணக்கு என்ற பழைய வழக்கத்துக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் சிறு இடம் இது.

ஜிஎஸ்டியில் உண்மையிலேயே புதியது வேறு. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்து, அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிந்தால்தான் வரிக் கழிவு கிடைக்கும். விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்திலிருந்தே சட்டத்தில் உள்ளது. தன் பேரேட்டை ஒரு பிழையுமின்றி எழுதியவரும், அடுத்தவர் பேரேட்டின் பிழைக்காக இரண்டாம் முறை வரி கட்ட நேரலாம்.

இதை நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. விற்றவர் வரி செலுத்தாததற்காக வாங்கியவரின் கழிவைத் திரும்பப் பெற முடியாது என்று மதிப்புக் கூட்டு வரி வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் கூறியது. 2021இல், ரப்பர் ஷீட் வணிகர்கள் தொடுத்த வழக்கில், விற்றவரை விசாரிக்காமலே வாங்கியவர்மீது பிறப்பித்த ஆணைகளை மதுரைக் கிளை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆனால் உயர்நீதிமன்றம் வரை போக வசதியுள்ள தனி வணிகர் எத்தனை பேர்? வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்து, பில்லும் வைத்திருப்பவரைத் தொடுவதற்கு முன் விற்றவரிடமே வசூலிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். வணிகர் சங்கங்கள் வரி விகிதக் குறைப்பைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.