இடம் மாறிய பொத்தான்கள்



கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் பின்னர்ப் பல தலைமுறைகளாகப் பேராக் தோட்டங்களில் நம் மக்கள் கற்றுத் தேர்ந்த தொழில் பால்வெட்டு. பட்டையை மட்டுமே சீவ வேண்டும். கத்தி ஆழ இறங்கினால் மரம் புண்ணாகும். விடியற்கால இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், அந்த அளவைக் கை தானாகவே அறிந்திருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது அந்தக் கைத்திறனுக்கு வேலை இல்லாமற் போயிற்று. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக் குலை அறுக்கும் வேறொரு தொழிலை நடுவயதில் கற்க நேர்ந்தது. மாற்றத்தை முடிவு செய்தவர் ஒருவர்; கையை மாற்றிக்கொண்டவர் வேறொருவர்.

கணினித் திரைக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், முதலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கே உரியதாக இருந்தது. 1996இல் ஜெர்மனியில் கேடிஈ, 1997இல் மெக்சிகோ இளைஞர் இருவரின் முயற்சியால் குனோம் என இரண்டு திரைமுகப்புகள் தோன்றின. படங்களையும் பட்டிகளையும் சுட்டியால் தொட்டு வேலை செய்யும் வசதி வந்தது. 2004இல் வெளிவந்த உபுண்டு, குனோமைக் கொண்டே லினக்ஸைச் சாதாரண மக்களின் வீட்டுக்குள் கொண்டுசென்றது எனலாம்.

வினை 2010இல் தொடங்கிற்று. அதுவரை வலப்புற மூலையில் இருந்த, சாளரத்தை மூடும் பொத்தானை உபுண்டு இடப்புறத்திற்கு மாற்றியது. சிறிய செய்திதான். ஆனால் நாள்தோறும் நூறு முறை வலப்புறம் சென்று பழகிய கைக்கு அது சிறியதன்று. பயனர்கள் முறையிட்டபோது, உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், இது வாக்கெடுத்து முடிவு செய்யும் மக்களாட்சி அன்று என்னும் பொருள்பட விடையிறுத்தார். மறு ஆண்டு குனோமின் மூன்றாம் பதிப்பு பழைய கீழ்ப்பட்டியையே எடுத்துவிட்டது. உபுண்டுவும் யூனிட்டி என்னும் புதிய முகப்புக்கு மாறியது. சிறிய திரைகளும் தொடுதிரைகளும் பெருகிவந்த காலம் அது. வடிவமைத்தவர்களின் கண் அங்கே இருந்தது. மேசைக் கணினியின் முன் அமர்ந்திருந்தவர் மீது இல்லை என்பதே என் கருத்து.

செம்பனைக்கு மாறிய தோட்டத்தில், எனக்கு மட்டும் நாலு நிரை பால்மரத்தை விட்டுவையுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்க இயலாது. லினக்ஸில் இயன்றது. அதன் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தி வெளியிடத்தக்கது. ஆகவே அர்ஜென்டினாப் பயனர் ஒருவர், கைவிடப்பட்ட பழைய குனோமை 2011இல் எடுத்துப் பேணத் தொடங்கினார். அதற்குத் தென்னமெரிக்கப் பானம் ஒன்றின் பெயரால் மாட்டே என்று பெயர். லினக்ஸ் மின்ட் குழுவினர் சினமன் என்னும் முகப்பை உருவாக்கினர். 2017இல் உபுண்டுவே யூனிட்டியைக் கைவிட்டுக் குனோமுக்குத் திரும்பியது. மூடும் பொத்தானும் வலப்புறம் வந்து சேர்ந்தது!

தமிழர்க்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. திரையின் சொற்களைத் தமிழாக்குபவர்களிற் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள். முகப்பு மாறுந்தோறும் புதிய சொற்றொடர்கள் வந்து குவிகின்றன. பழைய உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. ஒரே பட்டியில் ஒரு வரி தமிழிலும் அடுத்த வரி ஆங்கிலத்திலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி நின்றுவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வீடுதோறும் இருக்கக்கூடும். அவற்றுட் பல, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை ஏற்று இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மாட்டேயோ சினமனோ எதைத் தேர்ந்தாலும், பட்டி கீழே இருக்கும்; மூடும் பொத்தான் வலப்புற மூலையில் இருக்கும்.