பீஸ் கட்டையும் எம்.சி.பி.யும்

கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கிப் படித்த நண்பர்களுக்கு "பீஸ் போச்சுடா!" என்ற கூக்குரல் மறந்திருக்காது. மலருக்குக் கட்டுரை கேட்டதும் அந்தப் பீஸ் கட்டையின் கதையையே எழுதலாம் என்று தோன்றியது. அந்தக் கதையில் அடியேனுக்கும் ஒரு பங்கு உண்டு.

தந்திக் கருவிகளை மின்னலிலிருந்து காக்க, இடையில் மெல்லிய கம்பி ஒன்றை வைக்கலாம் என்று பிரான்ஸ் நாட்டு பிரெகே 1847-இல் யோசனை சொன்னார். தானாகவே சுற்றைத் துண்டிக்கும் கருவி ஒன்றை எடிசன் 1879-இல் தம் காப்புரிமை விண்ணப்பத்தில் விவரித்தார். ஆனால் வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தபோது அவர் பயன்படுத்தியது உருகுகம்பியைத்தான். விலை மலிவு, அசையும் உறுப்பு எதுவும் இல்லை.

சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடியது. 1910-இல் இந்திய மின்சாரச் சட்டம் வந்தது. நிலத்தோடு இணைத்த நியூட்ரல் கம்பியில் பீஸ் வைக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு விதிகள் கண்டிப்பாகச் சொல்லின. அடுத்த ஆண்டே நம் மாநில மின்வாரியம் பிறந்தது. கிராமத்து வீடுகளிலும் வெள்ளைப் பீங்கான் கட்டை ஏறி உட்கார்ந்தது.

அந்தக் கட்டையின் பலவீனம் கம்பியில் இல்லை, அதைக் கட்டும் கையில் இருந்தது. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் ஈயம் பூசிய செம்புக் கம்பி போதும். நாம் சாதாரண ஃப்ளெக்ஸ் ஒயரை உரித்து எடுக்கும் ஓர் இழையும் ஏறத்தாழ அதே பருமன்தான். அதனால் ஓர் இழை கட்டினால் பிழைத்தோம். நான் கட்டியது ஐந்து!

1991-இல் ஒரு தேர்வுக் கால இரவு. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், சுருள் அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடின. மூன்று முறை பீஸ் போயிற்று. "இன்னும் நாலு இழை சேர்த்து முறுக்குடா, நிக்கும்" என்றான் ஒருவன். நின்றது. விடியற்காலையில் சுவருக்குள் ஒயர் கருகி, சுவிட்ச் போர்டிலிருந்து புகை வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஐந்து இழையும் அப்படியே இருந்தன.

இந்தக் கை வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹ்யூகோ ஸ்டாட்ஸ். 1924-இல் பிரவுன் போவேரி நிறுவனத்தின் பெயரில் பதிவான எம்.சி.பி. காப்புரிமை அவருடையது. மெதுவாக ஏறும் சுமைக்கு இரட்டை உலோகப் பட்டை வளைகிறது. ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காந்தச் சுருள் இழுக்கிறது. குமிழை நீங்கள் மேலே அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே தொடர்பு அறுந்துவிடும். இழை முறுக்க அங்கே இடமே கிடையாது.

அதற்காகப் பீஸை இளக்காரமாக நினைக்க வேண்டாம். வீட்டு எம்.சி.பி. பொதுவாக 6 அல்லது 10 கிலோ ஆம்பியர் வரைதான் துண்டிக்கும். தொழிற்சாலைகளின் எச்.ஆர்.சி. பீஸ் 80 கிலோ ஆம்பியரையும் தாங்கும். உப்பளக் காற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ள அதில் ஸ்பிரிங்கும் இல்லை.

ஆனால் இரண்டும் காப்பது ஒயரைத்தான், ஆளை அல்ல. மனித உடலுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. அதைப் பிடிக்க ஆர்.சி.சி.பி. என்ற தனிக் கருவி வேண்டும். நல்ல எர்த்தும் வேண்டும்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் 16-ஐக் கழற்றி 32 மாட்டாதீர்கள். அது என் ஐந்து இழைக்குப் புதுப் பெயர், அவ்வளவுதான். எதனால் விழுகிறது என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கருகிய அந்தச் சுவரை இன்னும் மறக்காத ஓர் அண்ணன் சொல்கிறேன்.